செய்திக்கு முன்னால் ஓடும் நிலவரம்

2011 டிசம்பர் 30 காலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை இன்றைக்கும் பேசுகிறார்கள். எனக்கு நினைவில் தங்கியது வேறொன்று. கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் அன்று வீட்டுக்கு ஒரு செல்போனாவது இருந்தது. பக்கத்து டவரும் விழவில்லை. ஆனால் மின்சாரம் போய், டவரின் பேட்டரி தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசல் வரவேண்டிய வழியெல்லாம் மரம் கிடந்ததால் அத்தனை போனும் டார்ச் லைட்டுக்கு மட்டும்தான் உதவின. அடுத்தடுத்த தெருவில் இருந்த அத்தை வீட்டுக்கு ‘நாங்கள் நன்றாக இருக்கிறோம்’ என்று சொல்ல, உடைந்த ஓடும் அறுந்த கம்பியும் கிடந்த வழியில் நடந்தே போனேன்.

என் போனில் செய்தியை அனுப்பவும் வாங்கவும் ஒரு ரேடியோ இருக்கிறது. அத்தை போனிலும் இருக்கிறது. இரண்டும் நேராகப் பேசிக்கொண்டால் என்ன? தூரம் அதிகமென்றால், இடையில் உள்ள வீடுகளின் போன்கள் கைமாற்றி விட்டால் என்ன? டவரே இல்லாமல், தேவைப்படும்போது மட்டும் எழுந்து, தேவை முடிந்ததும் கலைந்துவிடும் வலை. ஆராய்ச்சியாளர்கள் இதை அட்ஹாக் நெட்வொர்க் என்பார்கள். இந்த எண்ணம் புதிதல்ல. அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டார்பா 1970களிலேயே பாக்கெட் ரேடியோ (தகவலைச் சிறு பொட்டலங்களாக்கி அனுப்பும் ரேடியோ) என்ற பெயரில் இதைச் செய்து பார்த்தது. 1997இல் இணையத்தின் தரங்களை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு, இதற்கென்றே மானெட் என்ற பணிக்குழுவை ஏற்படுத்தியது. இத்தனை ஆண்டுகள் ஆகியும் புயலடித்த தெருவில் அது வந்து நிற்கவில்லை. ஏன்?

நான் இந்தப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டில் நாலைந்து குழுவாவது அட்ஹாக் வலையை எடுக்கும். மாணவரின் லேப்டாப்பில் விண்டோஸ் ஓடும். அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள். அதற்குள் ஒரு மெய்நிகர் கணினி, அதாவது மென்பொருளாலேயே ஆன கணினி, அதில் உபுண்டு என்ற இயங்குதளம். அதற்குள் என்.எஸ்.-2 என்ற சிமுலேட்டர், வலையைப் பாவனையாக ஓட்டிக் காட்டும் மென்பொருள். அதற்குள், போன்களாகப் பாவிக்கப்படும் 50 புள்ளிகள் அங்குமிங்கும் நகரும். ஆக, மெய்நிகர் கணினி, தேவைக்கு எழும் வலை என்ற இரண்டு பாடங்களும் எங்கள் பிள்ளைகளின் மடியில் ஒரே பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கின்றன. பாடத்திட்டத்தில் அவை தனித்தனித் தாள்கள். எனக்கு அவை ஒரே சிக்கலின் இரண்டு முகங்களாகத் தெரிகின்றன: நிலவரம் மாறும் வேகம், அந்த மாற்றத்தைப் பற்றிய செய்தி போய்ச்சேரும் வேகத்தை மிஞ்சிவிட்டால் என்ன செய்வது?

முதலில் வலை. சார்லஸ் பெர்கின்ஸும் எலிசபெத் ராயரும் 1999இல் முன்வைத்து, 2003இல் ஐ.இ.டி.எஃப்.பின் ஆர்.எஃப்.சி. 3561 என்ற ஆவணமாகப் பதிவான ஏ.ஓ.டி.வி. என்ற வழி தேடும் முறைதான் இங்கே எல்லோரும் முதலில் படிப்பது. அது வேலை செய்யும் விதம் ஊரில் வீடு தேடுவதைப் போன்றது. முன்பின் தெரியாத தெருவில் நுழைந்து, ‘வலை பின்னும் மாரியப்பன் வீடு எங்கே?’ என்று முதல் திண்ணையில் கேட்கிறோம். அவருக்குத் தெரியாது, பக்கத்து வீட்டாரைக் கேட்கிறார். அவர் அதற்கடுத்தவரை. கடைசியில் யாரோ ஒருவர் ‘இதோ’ என்கிறார். அந்தப் பதில், கேள்வி வந்த வழியிலேயே திரும்பி நம்மிடம் வருகிறது. வழி பிறந்துவிட்டது. பேச வேண்டிய தேவை வரும்வரை யாரும் எந்த வழியையும் மனப்பாடம் செய்து வைத்திருப்பதில்லை. அதனால் சும்மா இருக்கும் நேரத்தில் பேட்டரி மிச்சம். ஒவ்வொரு வழிச் செய்திக்கும் ஒரு வரிசை எண் உண்டு. எண் பெரிதாக இருந்தால் செய்தி புதிது. பழைய செய்தியை நம்பிச் சுற்றிச் சுற்றி வராமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. இந்த முறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இந்த வரிசை எண்தான். ‘நமக்குக் கிடைப்பது எப்போதும் கொஞ்சம் பழைய செய்தியே’ என்பதை ஒப்புக்கொண்டு கட்டப்பட்ட முறை இது.

சரி, வழி அறுந்தால்? அந்த ஆவணத்தில் உள்ள அளவுகளின்படி, ஒரு கருவி 1 விநாடிக்கு ஒருமுறை ‘நான் இருக்கிறேன்’ என்று ஹலோ சொல்கிறது. இரண்டு ஹலோ வராவிட்டால் இணைப்பு போய்விட்டதாக அர்த்தம். அதாவது 2 விநாடி. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் பைக்கில் போகும் ஒருவர் அதற்குள் 22 மீட்டர் தாண்டியிருப்பார். முதுநகரின் சந்து பொந்துகளில் 22 மீட்டர் என்பது ஒரு முனை திரும்பிவிடும் தூரம். ஹலோவை அடிக்கடி சொல்லலாமே என்றால், வெறும் ஹலோவிலேயே காற்று நிரம்பிவிடும். அறுந்த வழிக்குப் பதில் புது வழி தேட, மறுபடியும் ஊர் முழுக்கக் கேள்வி பரவ வேண்டும். ஒரே நேரத்தில் எல்லோரும் கேட்கத் தொடங்கினால் கேள்விகளே ஒன்றோடொன்று மோதி அழியும். 1999இல் தைவான் ஆராய்ச்சியாளர்கள் இதற்குப் பரப்பல் புயல் என்றே பெயர் வைத்தார்கள். எங்கள் ஊரில் நின்று படிக்கும்போது அந்தப் பெயர் வேறு மாதிரி ஒலிக்கிறது.

இதைவிடக் கடினமான உண்மை ஒன்று உண்டு. பியூஷ் குப்தாவும் பி.ஆர். குமாரும் 2000இல் கணிதமாக நிறுவியது அது. கருவிகள் கூடக்கூட, ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் தகவல் வேகம் குறைந்துகொண்டே போகும். பக்கத்தில் ஒருவர் பேசும்போது நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும், போதாததற்கு அடுத்தவர் செய்தியையும் சுமக்க வேண்டும். மறு ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழு ஒன்று, ஒரே அலைவரிசையில் வரிசையாக நிற்கும் ரேடியோக்கள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கைமாற்றினால், மிகச் சிறந்த நிலையிலும் வேகத்தில் நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்று காட்டியது. எனவே ‘எல்லோர் போனையும் இணைத்தால் ஊருக்கே இணையம்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஊருக்கே குறுஞ்செய்தி என்றால் யோசிக்கலாம்.

கடலில் கதை வேறு. துறைமுகத்தில் ஒரு பெரியவரிடம் படகுக்குப் படகு ரேடியோ பேசுவதைப் பற்றிக் கேட்டேன். ‘அல மேட்டுல ஏறுனா காது கேக்கும் தம்பி, பள்ளத்துல எறங்குனா செவிடு’ என்றார். ஒரு ஆய்வுக் கட்டுரையின் முன்னுரையை ஒரே வரியில் சொல்லிவிட்டார். நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் ஆண்டெனா வைத்த இரண்டு படகுகளுக்கு, பூமியின் வளைவைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 10 கி.மீ. வரை நேர்ப்பார்வை உண்டு. அலையே 2 மீட்டர் எழும்பும் நாளில் அந்தக் கணக்கு விநாடிக்கு விநாடி உடைந்து உடைந்து சேரும். தரையில் பைக் ஓட்டுபவர் முனை திரும்பினால் இணைப்பு போனது போனதுதான். படகோ போகிறது, வருகிறது, மறுபடியும் போகிறது. ஏ.ஓ.டி.வி. இதில் தடுமாறும். வழி செத்துவிட்டது என்று ஊருக்கெல்லாம் அறிவித்து முடிப்பதற்குள் அது பிழைத்திருக்கும். கொஞ்சம் பொறுத்துப் பார் என்று சொல்லும் முறைகள் வேண்டும். செய்தியைப் பிடித்து வைத்திருந்து, ஆள் கிடைக்கும்போது கொடுக்கும் தாமதம் பொறுக்கும் வலைகள் அப்படிப்பட்டவை.

இப்போது மற்ற முகத்துக்கு வருகிறேன். மெய்நிகர் கணினி என்பது ஒரு நிஜக் கணினிக்குள், தன்னைத் தனிக் கணினி என்றே எண்ணிக்கொண்டு ஓடும் மென்பொருள். அப்படி எண்ண வைத்து, அடியில் இருந்து பங்கிட்டுக் கொடுப்பது ஹைப்பர்வைசர். 1960களில் ஐ.பி.எம். பெருங்கணினிகளில் தொடங்கிய வித்தை இது. 1972இல் வி.எம்./370 என்று விற்பனைக்கே வந்தது. நம் மேசைக் கணினிகளுக்கு அது வரக் காலம் பிடித்தது. 2003இல் கேம்பிரிட்ஜில் ஜென் என்ற ஹைப்பர்வைசர், 2005 வாக்கில் கணினிச் சில்லிலேயே அதற்கான வசதி, 2007இல் லினக்ஸ் இயங்குதளத்துக்குள் கே.வி.எம். என்ற இன்னொரு ஹைப்பர்வைசர்.

இங்கே நமக்கு வேண்டியது, ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியை நிறுத்தாமலே இன்னொரு பெட்டிக்கு மாற்றும் வித்தை. ஓடும் பேருந்தில் இருக்கும் பயணிகளை, அவர்கள் அறியாமல் பக்கத்தில் ஓடும் பேருந்துக்கு மாற்றுவது போல. முதலில் நினைவகம் முழுவதையும் நகலெடுத்து அனுப்புகிறோம். அனுப்பி முடிப்பதற்குள் அது ஓடிக்கொண்டே இருப்பதால் நினைவகத்தின் சில பக்கங்கள், அதாவது சிறு துண்டுகள், மாறியிருக்கும். மாறியதை மட்டும் மறுபடி அனுப்புகிறோம். அதற்குள் இன்னும் கொஞ்சம் மாறும். இப்படிச் சுற்றுச் சுற்றாகக் குறைத்து, மிச்சம் மிகச் சிறிதானதும் ஒரு கணம் நிறுத்தி, கடைசித் துண்டை அனுப்பி, அங்கே எழுப்புகிறோம். ஜென் குழு 2005இல் இப்படி ஒரு விளையாட்டு சர்வரை, ஆட்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே, 60 மில்லிவிநாடி மட்டும் நிறுத்தி மாற்றிக் காட்டியது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 ஜி.பி. நினைவகம், விநாடிக்கு 25 எம்.பி. மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1 கிகாபிட் கம்பியில் விநாடிக்கு சுமார் 125 எம்.பி. போகும். முதல் சுற்றுக்கு 33 விநாடி. அதற்குள் 820 எம்.பி. மாறியிருக்கும். அதை அனுப்ப ஏழு விநாடிக்கும் குறைவு. அடுத்த சுற்று ஒன்றரை விநாடிகூட இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. வேலை முடிந்தது. இப்போது கம்பியை எடுத்துவிட்டு, மூன்று நான்கு கைமாறி வரும் கம்பியில்லா வழியைப் போடுங்கள். விநாடிக்கு 2.5 எம்.பி. கிடைத்தாலே பெரிய காரியம். முதல் சுற்றுக்கே 27 நிமிடம். மாறுவதோ விநாடிக்கு 25 எம்.பி. அனுப்புவதைப்போல் பத்து மடங்கு மாறுகிறது. அடுத்த சுற்றும் 4 ஜி.பி., அதற்கடுத்ததும் 4 ஜி.பி. இது எந்தக் காலத்திலும் முடியாது. அந்த 27 நிமிடமும் வழி அறாமல் இருக்க வேண்டும் என்பது வேறு. பைக்கும் ஹலோவும், அலையும் படகும், பக்கமும் கம்பியும் என்று பார்த்ததெல்லாம் ஒரே ஓட்டப்பந்தயம்தான். செய்தி பின்னால் ஓடுகிறது.

அந்தப் பக்கம் எழுப்பிவிட்டாலும் சிக்கல் தீராது. கம்பி வலையில், இடம் மாறிய மெய்நிகர் கணினி ‘இனி நான் இங்கே’ என்று ஒரு அறிவிப்பு விட்டால், கணினிகளின் கம்பிகளை இணைக்கும் ஸ்விட்ச் என்ற பெட்டி புரிந்துகொள்ளும். அட்ஹாக் வலையில் ஸ்விட்ச் கிடையாது. வீடு மாறியவர் புது முகவரியைச் சொல்லப் போனால், சொல்ல வேண்டிய ஊரே நகர்ந்துகொண்டிருக்கிறது.

மாணவர்களின் லேப்டாப்புக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இதே பந்தயம் அதற்குள்ளும் நடக்கிறது, அதை அவர்கள் கவனிப்பதில்லை. சில குழுக்கள் சிமுலேட்டரை விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து மெய்நிகர் கணினிகளை எழுப்பி, ஒவ்வொன்றையும் ஒரு போனாகப் பாவித்து, இடையில் ரேடியோ இணைப்பைப் பாவிக்கும் போலிக் காற்றை வைத்துச் சோதிக்கின்றன. நிஜ மென்பொருள் ஓடுகிறது என்பதால் நல்ல முயற்சிதான். ஆனால் வைஃபையில் ஒரு செய்தி வந்ததும் 10 மைக்ரோவிநாடியில் ‘கிடைத்தது’ என்று பதில் தொடங்க வேண்டும். ஒளியே அந்த நேரத்தில் 3 கி.மீ.தான் போகும். ஹைப்பர்வைசரோ தன் கணினிகளுக்கு முறை வைத்துத்தான் நேரம் ஒதுக்குகிறது. ஜென் ஒதுக்கிய ஒரு முறை 30 மில்லிவிநாடி. அதாவது 3,000 மடங்கு. முறை வராத மெய்நிகர் கணினி அந்த நேரம் முழுக்க உறைந்து நிற்கும், உறைந்தது அதற்கே தெரியாது. எழுந்து பார்த்தால் பதில் சொல்ல வேண்டிய காலம் எப்போதோ கடந்திருக்கும். ‘நெட்வொர்க்கில் தாமதம்’ என்று மாணவர் வரைபடம் போடுவார். அது லேப்டாப்பின் மூச்சிரைப்பு. 2006இல் சான் டியாகோ ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஓர் அழகான வழி சொன்னார்கள். மெய்நிகர் கணினியின் கடிகாரத்தையே மெதுவாக்கிவிட்டால், வெளியே 10 விநாடி உள்ளே 1 விநாடியாகத் தோன்றும், பெட்டிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். அப்படியும் அது சோதனைக்கூடத்தில்தான் உதவும். நிஜக் காற்றுக்குக் கடிகாரத்தை மெதுவாக்க முடியாது.

சிமுலேட்டர் மட்டும் நம்பத்தக்கதா? பல ஆண்டுகள் எல்லோரும் பயன்படுத்திய நகர்வு மாதிரி ஒன்று உண்டு. ஒவ்வொரு புள்ளியும் ஏதோ ஓர் இடத்தையும் ஏதோ ஒரு வேகத்தையும் குலுக்கல் முறையில் தேர்ந்து அங்கே போகும். குறைந்தபட்ச வேகம் பூச்சியம் என்று வைத்தால், மிக மெதுவான வேகம் விழுந்த புள்ளி தன் பயணத்தை முடிப்பதே இல்லை. நேரம் ஆக ஆக எல்லாப் புள்ளிகளும் ஆமைகளாகிவிடும். 2003இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் இதைச் சுட்டிக்காட்டும்வரை எத்தனையோ முடிவுகள் அந்த ஆமைகளை வைத்து எழுதப்பட்டிருந்தன. 2005இல் வேறொரு குழு, இந்தத் துறையின் முன்னணி மாநாடான மோபிஹாக்கில் வந்த 151 கட்டுரைகளை எடுத்துப் பார்த்தது. 114 கட்டுரைகள் சிமுலேஷனை நம்பியவை. அவற்றில் மிகச் சிலவற்றைத்தான் மற்றவர்கள் திரும்பச் செய்து பார்க்க முடிந்தது. இதைப் படித்த நாளிலிருந்து, வெறும் வரைபடத்தோடு வரும் ப்ராஜெக்ட்டை நான் ஏற்பதில்லை. புயல் நாளில் நம் மக்கள் குலுக்கல் முறையில் நகர்வதில்லை. முகாமில் கூடுகிறார்கள், பால் கிடைக்கும் கடைக்குப் போகிறார்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதாவது வண்டி வருகிறதா என்று நிற்கிறார்கள்.

பேட்டரி, நம்பிக்கை என்ற இரண்டு தடைகளையும் சொல்லிவிட வேண்டும். தானேக்குப் பிறகு ஜெனரேட்டர் கடையில் காசு கொடுத்து போனுக்குச் சார்ஜ் ஏற்றினோம். அந்தச் சார்ஜை முன்பின் தெரியாதவர் செய்தியைக் கைமாற்றச் செலவழிக்க யார் முன்வருவார்கள்? அப்படியே முன்வந்தாலும், ஆண்ட்ராய்டு போனில் அட்ஹாக் வைஃபையைச் சாதாரணப் பயனாளர் திறக்கவே முடியாது. நம்பிக்கையைப் பொறுத்தவரை, ‘அந்த வீட்டுக்கு வழி எனக்குத்தான் தெரியும்’ என்று ஒரு பொய்க் கருவி பெரிய வரிசை எண்ணோடு பதில் சொன்னால், ஏ.ஓ.டி.வி. அதை அப்படியே நம்பி எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டும்.

அப்படியானால் செய்தி நிலவரத்தை முந்தவே முடியாதா? முந்திய ஒரு காலை எங்கள் கரையிலேயே உண்டு. புதுச்சேரி கிராமங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அறிவு மையங்களை நடத்தியது. வில்லியனூர் மையத்திலிருந்து வி.எச்.எஃப். ரேடியோ வழியாகக் கிராமங்களுக்குத் தகவல் போகும். மீனவ ஊர்களில் அலை உயரத்தை ஒலிபெருக்கியில் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு இளைஞர் ஒருவர் செய்தி அறிந்து ஊருக்கு போன் செய்தார். ஊரார் மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 3,600 பேர் கொண்ட அந்த ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. ஒரே ஒரு நீண்ட தாவல், அதற்குப்பின் ஊர் முழுக்க ஒரே பரப்பல். பெட்டியும் ஒலிபெருக்கியும் முன்பே அங்கே இருந்ததுதான் விஷயம்.

என் யோசனை இதிலிருந்து வருவது. சுனாமிக்குச் சில மணி நேரம் மட்டுமே அவகாசம். புயலுக்கு அப்படி இல்லை. தாழ்வு மண்டலம் உருவானதிலிருந்து வானிலை மையம் நாள் கணக்கில் சொல்லிக்கொண்டே வருகிறது. அந்த நாட்களில் ஃபைபர் இணையக் கம்பி நன்றாக வேலை செய்கிறது. 4 ஜி.பி.யை அப்போதே அனுப்பிவிட்டால் என்ன? 2009இல் கணினி ஆராய்ச்சியாளர் சத்யநாராயணனும் கூட்டாளிகளும் கிளவுட்லெட் என்ற பெயரில் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொன்னார்கள். மெய்நிகர் கணினியின் அடிப்படைப் பகுதியை மக்களுக்குப் பக்கத்திலுள்ள பெட்டியில் முன்பே வைத்துவிட்டு, அதன்மேல் வரும் வித்தியாசத்தை மட்டும் கம்பியில்லாமல் அனுப்புவது. கரையோரப் புயல் பாதுகாப்பு மையம் ஒவ்வொன்றிலும் சோலார் பேட்டரியோடு ஒரு சின்னப் பெட்டி. குடும்பப் பட்டியல், மருந்துத் தேவை, காணாமல் போனோர் பதிவேடு எல்லாம் அதில் உறங்கிக்கொண்டிருக்கும். காற்று எழுந்ததும் மெய்நிகர் கணினியும் எழும். அதற்குப்பின் மெலிந்த வலையில் போக வேண்டியது மாற்றம் மட்டும்தான்: ஒரு பெயர், ஓர் எண்ணிக்கை, சில நூறு பைட்டுகள். அதைச் சுமக்கப் போன்கள் கைமாற்றினாலும் போதும், பாலம் திறந்ததும் வரும் முதல் பேருந்து சுமந்தாலும் போதும்.

இதிலும் ஒரு முடிச்சு அவிழாமல் இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் கரையேறி, பிறகு பல மணி நேரம் புதுச்சேரி பக்கத்திலேயே நகராமல் நின்றது. ஒரே நாளில் புதுச்சேரியில் 40 செ.மீ.க்கும் அதிகமான மழை. அடுத்து சாத்தனூர் அணை நீரோடு தென்பெண்ணை பெருகி, இரு கரைகளையும் மூழ்கடித்தது. அந்த ஆற்றின் வடகரையில் பாகூர், புதுச்சேரி அரசு. தென்கரையில் மஞ்சக்குப்பம், தமிழ்நாடு அரசு. இரண்டு பக்கமும் ஒரே பதிவேட்டின் நகல் ஓடுகிறது என்று வையுங்கள். நடுவில் தொடர்பு இல்லை. அக்கரையில் அம்மா தன் மகனைக் காணவில்லை என்று பதிகிறார். இக்கரை முகாமில் மகன் தன் பெயரைப் பதிகிறான், ஓர் எழுத்து மாறிவிடுகிறது. தொடர்பு அறுந்த நிலையில் இரு பக்கமும் பதிவை ஏற்றுக்கொண்டே இருந்தால், இரண்டும் எப்போதும் ஒன்றுபோல் இருக்கும் என்று உறுதி தர முடியாது. கணினி ஆராய்ச்சியாளர் எரிக் புரூவர் 2000இல் சொல்லி, கில்பர்ட்டும் லிஞ்சும் 2002இல் நிறுவிய விதி அது. எண்ணிக்கைகளைப் பின்னால் பிசகில்லாமல் ஒன்றுசேர்க்கும் தரவு அமைப்புகள் 2011க்குப் பிறகு வந்துவிட்டன. ஆனால் ‘செல்வம், 11 வயது, பாகூர்’ என்பவனும் ‘செல்வன், 12 வயது, பாகூர்’ என்பவனும் ஒரே பிள்ளையா, இரண்டு பிள்ளைகளா என்பதை எந்த வரிசை எண்ணும் சொல்லாது. என் மாணவிகள் இருவர் இந்த ஆண்டு இதைத்தான் ப்ராஜெக்ட்டாக எடுத்திருக்கிறார்கள். சிமுலேட்டர் வேண்டாம், இரண்டு பழைய ரூட்டரும் இரண்டு பெட்டியும் கொடுங்கள், ஆற்றின் இரு கரையிலும் வைத்துப் பார்க்கிறோம் என்று கேட்டிருக்கிறார்கள்.